ரசீது இல்லாத கடன்

"கடன் முடியட்டும்." காயல்பட்டினத்தில் சக்கீனாவின் வீட்டில் ஐந்து வருடமாக அதிகம் புழங்கிய சொல் இதுதான்.

மூத்தவள் யுஸ்ராவுக்கு முன்பல் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. கம்பி போட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கடன் முடியட்டும் என்றாள் சக்கீனா. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும். இளையவன் முஜாஹித் சைக்கிள் கேட்டான். கடன் முடியட்டும். படுக்கையறை ஏசி ஒரு சித்திரை மாதத்தில் உயிரை விட்டது. கடன் முடியட்டும் என்று அதன் மேல் பழைய துப்பட்டா ஒன்றைப் போட்டு மூடினாள். வெள்ளிக்கிழமை தவறாத கறி மாதம் ஒரு முறை என்றானது. சீலா மீன் வாங்கிய கை சாளைக்கு வந்தது. சாளையில்தான் சத்து அதிகம் என்று அவளே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். சத்து இருக்கட்டும், பிள்ளைகள் சத்தையா கேட்டார்கள்?

இந்தக் கடன் அவள் கணவன் யஹ்யா வாங்கியது. கத்தாரில் பன்னிரண்டு வருடம் இருந்தவன், அரபு நாட்டு வெயில் போதும் என்று ஊர் திரும்பித் தூத்துக்குடியில் ஒரு ரெடிமேட் கடை போட்டான். ஆசையாகத்தான் போட்டான். கடை இரண்டு வருடம் கூட நிற்கவில்லை. சக்கீனாவின் நகையில் பாதி அதில் போனது. போதாமல் பதினொரு லட்சம் கடன் நின்றது. கொடுத்தவர் மொகுதூம் மாமா. ரத்தினக் கல் வியாபாரம், சென்னையில் கடை, தூரத்துச் சொந்தம். வட்டி கூடாது என்பதால் வட்டி இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று மார்க்கமே சொல்லியிருக்கிறது. ஆனால் சொந்தக்காரரிடம் போய்ச் சீட்டு எழுதுவதா, நல்லாவா இருக்கும் என்று இந்த மனிதர்கள் எழுதவில்லை. வட்டியை விட்ட கையோடு காகிதத்தையும் விட்டார்கள். பாஸ்புக் கிடையாது, தவணை அட்டை கிடையாது. எல்லாம் வாய்ச் சொல்.

யஹ்யா மறுபடியும் தோஹாவுக்கு விமானம் ஏறினான். சம்பளத்தில் மாதம் பதினைந்தாயிரம் நேரே மொகுதூம் மாமாவுக்கு, பதினெட்டாயிரம் வீட்டுக்கு என்று ஏற்பாடு. ஆறு வருடத்தில் அடைந்துவிடும் என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பதினெட்டில் நாலு வயிறு, இரண்டு பள்ளிக்கூடம், கரண்டு பில், கல்யாண மொய், பெருநாள். நாலாவது வயிறு யாருடையது என்றால், சக்கீனாவின் உம்மாவுடையது. அவளும் படுத்த படுக்கையாகி மூன்று வருடம் கிடந்து மவுத்தானாள். மருந்துச் செலவுக்காகச் சக்கீனா ரமலான் மாதங்களில் கறி வாடா சுட்டு விற்றாள். நோன்பு வைத்த வாயோடு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது எப்படி என்று நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கடன் கொடுத்தவர் வீட்டாரைக் கண்டால் அவளுக்கு முகம் வெளிறிவிடும். காயலில் வீடுகளின் பின்னால் பெண்கள் நடக்கவென்றே முடுக்குகள் உண்டு. மொகுதூம் மாமாவின் மனைவி நூர் ஆயிஷா மாமி ஒரு முடுக்கில் வந்தால் சக்கீனா அடுத்த முடுக்கில் புகுந்துவிடுவாள். கல்யாண வீட்டில் மாமி ஒரு சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் இவள் நாலு சகன் தள்ளி உட்காருவாள். பணம் பாக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து நெய்ச்சோறு எப்படி இறங்கும்?

இப்படி ஐந்து வருடம் ஓடியது. இன்னும் ஒரே வருடம்தான் என்று இருக்கும்போது யுஸ்ரா பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூற்று அறுபத்தொரு மார்க் வாங்கினாள். பி.ஃபார்ம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. உம்மம்மாவின் மருந்துச் சீட்டுகளை வாசித்து வாசித்து வந்த ஆசை அது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் தருகிறோம் என்றார்கள். கல்லூரிப் பேருந்து ஆறுமுகநேரி வரைக்கும் வரும். இருபதாம் தேதிக்குள் எண்பத்தைந்தாயிரம் கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

யஹ்யா போனில் பெருமூச்சு விட்டான். கடன் ஒரு பக்கம் கழுத்தை நெரிக்கிறது, மகளை ஒரு வருடம் வீட்டில் இருக்கச் சொல், கடன் முடிந்த கையோடு சேர்த்துவிடலாம் என்றான். சக்கீனாவே அதை யுஸ்ராவிடம் சொன்னாள். அந்தப் பிள்ளை அழவில்லை. "சரிம்மா, கடன் முடியட்டும்" என்று சொல்லிவிட்டுக் கல்லூரித் தாளை மடித்து அலமாரியில் வைத்தது. அழுதிருந்தால் கூடச் சக்கீனாவுக்குத் தேவலை என்றிருக்கும்.

நூர் ஆயிஷா மாமி வீடு தேடி வந்தது அதற்கு மூன்றாம் நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். முடுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். கடனைக் கேட்க வந்துவிட்டார் என்றே சக்கீனா நினைத்தாள். ஒளிந்துகொள்ள முடுக்கும் இல்லை, சொந்த வீடாயிற்றே. பாய் விரித்தாள், தேத்தண்ணி போட்டாள், இருந்த நாலு முறுக்கைத் தட்டில் வைத்தாள். மாமி எதையும் தொடவில்லை. சக்கீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மாமியும் மாமாவும் ஹஜ்ஜுக்குப் போகிறார்களாம். அடுத்த வாரம் பயணம். போகிறவர்கள் அதற்கு முன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மனம் நொந்தவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதற்காக வந்திருந்தார்.

"ரெண்டு வருசமா நீ என்னைக் கண்டா ஒதுங்கி ஒதுங்கிப் போறே. நான் கவனிக்காம இல்ல," என்றார் மாமி. "மாமா அப்போ கொஞ்சம் கடுமையாப் பேசிட்டாங்க, அது ஒன் மனசுல கெடக்கும்போல. அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடும்மா."

சக்கீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள்தானே மாமி உங்களிடம் பொறுக்கச் சொல்ல வேண்டும், இன்னும் ஒரு வருடத் தவணை நிற்கிறதே என்றாள்.

மாமியின் கை தளர்ந்தது. "என்ன தவணை? அது முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சேம்மா."

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் சக்கீனாவின் காதில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய ரமலானில் யஹ்யா பழைய கம்பெனியிலிருந்து கணக்கு முடித்து வந்த இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தை மொத்தமாக அனுப்பினானாம். இன்னும் மூன்று லட்சம் நின்றதாம். இப்படி இழுத்துக்கொண்டே போனால் எப்படி என்று மாமா முதலில் சத்தம் போட்டாராம். பிறகு நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் மனம் இளகி அந்த மூன்று லட்சத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டாராம்.

"ஒம் பிள்ளைங்க படிக்கட்டும்னு சொல்லித்தாம்மா விட்டாங்க. யுஸ்ரா நல்லாப் படிக்காளாமேன்னு அவங்களே சொன்னாங்க. யஹ்யா ஒங்கிட்டச் சொல்லலியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த மனிதன் மூன்று லட்சம் பெறுமான பூசணிக்காயைச் சாளைக் குழம்பில் மறைத்திருக்கிறான். ஊருக்குப் பயந்து, கடனுக்குப் பயந்து முடுக்கு முடுக்காக ஒளிந்தாளே, அந்த ஒளிதல்தான் அவனுக்கு வேலியாக இருந்திருக்கிறது. ஒரே ஒரு கல்யாண வீட்டில் மாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே உடைந்திருக்கும். சக்கீனா தன் வாயால் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆமாம் மாமி, மறந்துவிட்டேன், நான் பொறுத்துக்கொண்டேன், எங்களுக்காகத் துஆ செய்யுங்கள் என்று சொல்லி மாமியைக் கதவு வரை கொண்டுவிட்டாள். திரும்பி வந்து அந்த நாலு முறுக்கையும் டப்பாவில் போட்டு மூடினாள்.

பணம் எங்கே போயிற்று என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் யஹ்யாவின் தங்கை ஹனீனுக்கு இரண்டு வருடமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. காயலில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவானே தவிர, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகமாட்டாள். வாப்பா வீடு மூத்தவளுக்குப் போய்விட்டால் இளையவளுக்குப் புது வீடு எழுப்பியாக வேண்டும். யஹ்யாவின் வாப்பா விட்டுப்போன தென்னந்தோப்பை விற்றுத்தான் அந்த வீடு கட்டுகிறார்கள் என்று சக்கீனாவிடம் சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பினாள். கடன் படாமல் கட்டுகிறார்களே, கெட்டிக்காரர்கள் என்று நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னாள். கான்கிரீட் போட்ட அன்று கொத்தனார்களுக்கு இவள்தான் வாடாவும் தேத்தண்ணியும் அனுப்பினாள். தன் பிள்ளைகளுக்கு எண்ணிக் கொடுத்த கை, அன்றைக்கு எண்ணாமல் கொடுத்தது.

அவள் போன் போட்டாள். யஹ்யா எடுத்தான். நூர் ஆயிஷா மாமி வந்துவிட்டுப் போனார்கள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்றான்.

தப்பு என்று சொல்லவில்லை பாருங்கள். எவ்வளவு தெரிந்துவிட்டது என்று ஆழம் பார்க்கிறான். எல்லாம் சொன்னார்கள் என்றாள் சக்கீனா. அதன் பிறகு அவன் அவிழ்த்துவிட்டான். புதுக் கம்பெனியில் சம்பளம் கூடியிருக்கிறதாம். அதையும் சொல்லவில்லை. சொன்னால் செலவு ஏறும், பிள்ளைகள் அது கேட்கும் இது கேட்கும், கடன் என்று சொல்லி வைத்தால்தான் வீடு கட்டுக்குள் இருக்கும் என்று நினைத்தானாம். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றான். யாருக்கு நல்லது?

"மூணு லட்சத்தை யுஸ்ரா படிப்புக்குன்னுதான மாமா விட்டாங்க," என்றாள் சக்கீனா. "எம் பிள்ளை பல்லை மூடிக்கிட்டுச் சிரிக்கிதேங்க. ஒங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

அதற்கு அவன் சொன்ன பதில்தான் அவளை அறைந்தது.

"எந் தங்கச்சிக்கு நான் கட்டாம யாருளா கட்டுவா? ஒனக்கு ஒங்க அம்ஜத் காக்கா கட்டித் தரலியா? அவரு பொண்டாட்டிகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டா கட்டினாரு? போயிக் கேட்டுப் பாரு."

போய்க் கேட்டாள். மறுநாள் காலையிலேயே போனாள்.

அம்ஜத் காக்கா சக்கீனாவின் அண்ணன். அவர் மனைவி சுலைஹா மச்சியோடு சக்கீனாவுக்குப் பதினெட்டு வருடமாக ஒட்டுதல் கிடையாது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சக்கீனாவின் வீட்டில் முதல் முதலாகப் பால் காய்ச்சிய அன்று மச்சிதான் அடுப்பு மூட்டினாள். புது வீட்டில் முதல் அடுப்பை அண்ணன் மனைவி மூட்டுவது அவர்கள் குடும்பங்களில் வழக்கம். பாலைப் பொங்கவிட்டவள் ஒரு வாய் குடிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். பெருமைக்காரி, வயிற்றெரிச்சல்காரி, தன் வீட்டைவிட இது பெரிதாகிவிட்டதென்று பொறாமை என்று சக்கீனா தன் பங்குக்குப் பேசியிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல.

மச்சி அடுக்களையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். சக்கீனா பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். மச்சி ஆச்சரியப்படவே இல்லை. உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் சக்கீனா தன் வீட்டைப் பற்றிக் கேட்டாள்.

"கம்பெனியில பாதிச் சம்பளந்தான் போடுதான்னு ஒங்க காக்கா அஞ்சு வருசம் சொன்னாங்க," என்றாள் சுலைஹா மச்சி. "நான் நம்பினேன். மூத்தவனுக்குப் பால் மாவு வாங்க வழியில்லாமக் கஞ்சித் தண்ணி கொடுத்தேன். சம்பளம் ஒழுங்கா வரணும்னு திங்கள் வியாழன் நோன்பு பிடிச்சேன். ஒன் வீட்டுல பால் காய்ச்சினதுக்கு முந்தின நாளு கொத்தனாரு ஒன் வீட்டுக் கணக்கை முடிக்க எங்க வீட்டுக்கு வந்தான். அப்பத்தான் எனக்குத் தெரியும்."

சக்கீனா உள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று பால் குடிக்காத முகம் இப்போது அவளுக்கு வேறாகத் தெரிந்தது. பதினெட்டு வருடம் தான் மாடியில் துணி காயப்போட்டது, பிள்ளை பெற்றது, விருந்து வைத்தது எல்லாம் ஒரு குழந்தையின் கஞ்சித் தண்ணியின் மேல் என்று அவளுக்கு உறைத்தது. தன்னை ஏமாற்றியவன் மேல் முழுசாகக் கோபப்படக்கூட அவளுக்கு இடம் வைக்கவில்லை இந்த ஊர்.

ஏன் மச்சி ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா? வீட்டை இடிச்சுத் தந்திருவியா?" என்றாள் மச்சி. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கை உள்ளியை அவள் பக்கம் தள்ளினாள். இருவரும் உரித்தார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள் மச்சி என்று சக்கீனா சொன்னபோது, யுஸ்ராவுக்கு எத்தனாம் தேதி கடைசி என்றுதான் மச்சி கேட்டாள்.

இருபது. அன்றைக்குப் பதினாறு. ஹனீனின் வீட்டில் பால் காய்ச்சுவது இருபத்திரண்டு. யஹ்யா நிக்காஹுக்குத்தான் வருவான், பால் காய்ச்சும்போது இருக்கமாட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அன்றைக்கு வருவார்கள். அடுப்பு மூட்ட அண்ணன் மனைவி இல்லையென்றால் என்ன ஏது என்று கேட்பார்கள். வேறு எந்த ஆயுதமும் சக்கீனாவிடம் இல்லை. வீடு திரும்பியதும் யஹ்யாவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். இருபதாம் தேதிக்குள் யுஸ்ராவின் பணம் வர வேண்டும். வரவில்லையென்றால் இருபத்திரண்டாம் தேதி உங்கள் தங்கை வீட்டு அடுப்பை யாரையாவது வைத்து மூட்டிக்கொள்ளுங்கள். ஏன் வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நானே சொல்வேன்.

கையில் சல்லிக்காசு இல்லை, டைல்ஸ்காரனுக்கே பாக்கி என்று அவன் சத்தியம் செய்தான். பதினெட்டாம் தேதி மதியம் எண்பத்தைந்தாயிரம் வந்து விழுந்தது. இல்லாத பணம் இரண்டு நாளில் எப்படி வந்தது? ஹனீனின் மணவறைக்கு ஏசி வாங்க எடுத்து வைத்திருந்தானாம். அவனே சொன்னான், ஏதோ தியாகம் செய்தவன் மாதிரி. துப்பட்டா போட்டு மூடிய தன் ஏசியை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் யுஸ்ராவோடு போய்ப் பணம் கட்டினாள். கல்லூரிக்காரர்கள் சீல் குத்தி ரசீது கொடுத்தார்கள். இந்த ஐந்து வருடக் கடன் கணக்கில் அவள் கையில் வாங்கிய முதல் காகிதம் அதுதான். பேருந்தில் அதை மூன்று தடவை எடுத்து எடுத்துப் பார்த்தாள். உம்மா, கடன் முடிந்துவிட்டதா என்று யுஸ்ரா கேட்டாள். எப்போதோ முடிந்துவிட்டது என்றாள் சக்கீனா. பிறகு எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள். சொல்லாமல் வைப்பதைத்தான் இந்தக் குடும்பத்தில் போதும் போதும் என்று செய்தாகிவிட்டதே. யுஸ்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாப்பா அன்று இரவு போன் செய்தபோது அவள் எடுக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி சக்கீனா சொன்ன சொல் தவறாமல் போனாள். வீடு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை டைல்ஸ், தேக்குக் கதவு. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மணவறைச் சுவரில் ஏசிக் குழாய்க்காகக் குடைந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது. அடுக்களையில் ஹனீன் மட்டும் நின்றாள். இருபத்திரண்டு வயசு, கையெல்லாம் மருதோன்றி. சக்கீனா அடுப்பை மூட்டிப் பால் சட்டியை ஏற்றினாள்.

ஹனீன் பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாள்.

"ஏசி மட்டுந்தான் வரல மச்சி. காக்காவுக்குக் கம்பெனியில ரெண்டு மாசமாச் சம்பளம் போடலியாம். பாவம். நான் திங்கள் வியாழன் நோன்பு பிடிச்சுத் துஆ கேட்டுக்கிட்டு இருக்கேன்."

சக்கீனா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பிள்ளையை வெறுத்துவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அதே நோன்பு, அதே திங்கள் வியாழன். ஏமாந்த மூன்றாவது பெண்.

"ஒங்க காக்காவுக்குச் சம்பளம் ஒழுங்கா வருது," என்றாள். மொகுதூம் மாமா விட்ட மூன்று லட்சத்தையும், யுஸ்ராவின் பல்லையும், ஏசிப் பணம் போன இடத்தையும் குரலை உயர்த்தாமல், பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். சுலைஹா மச்சியின் கஞ்சித் தண்ணியையும் விடவில்லை. ஹனீனின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எனக்குத் தெரியாது மச்சி, சத்தியமாகத் தெரியாது என்றாள்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். எனக்கும் பதினெட்டு வருசம் தெரியாது," என்றாள் சக்கீனா. "ஒன் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி உண்டுமா?"

ஹனீன் கூடத்துப் பக்கம் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு நடுவில் பள்ளிக்கூட வயசில் இரண்டு பிள்ளைகள், புது வீட்டை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரு மச்சி," என்றாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கூடத்தில் குரவை போட்டார்கள்.